சவோய் ஹோட்டலின் பூட்டிய அறை

"சேர், மசூரியில பேய் இருக்கிற ஹோட்டல் ஒண்டு இருக்காமே, உண்மையா?" என்று எங்கள் பாடசாலையின் பத்தாந்தர மாணவன் ஒருவன் கேட்டான். வாரப் பத்திரிகையொன்றின் சிறுவர் பக்கத்தில் படித்தானாம். அவன் கேட்ட வேளையில் நான் கரும்பலகையில் 'ஜவஹர்லால் நேரு, 1920' என்று எழுதிக்கொண்டிருந்தேன். வகுப்பில் சிரிப்பு எழுந்தது. வரலாற்றுப் பாடத்தில் பேய்க் கேள்வியா என்று மற்றவர்கள் அவனைக் கேலி செய்தார்கள். ஆனால் அவன் கேட்ட ஹோட்டலும், நான் எழுதிய பெயரோடும் ஆண்டோடும் சம்பந்தப்பட்ட கட்டடமும் ஒன்றுதான். அது அவனுக்குத் தெரியாது. பேய்க் கதையை எழுதிய பத்திரிகைக்காரருக்கும் தெரிந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. இக்கட்டுரை அன்று மணி அடித்ததனால் பாதியில் நின்றுபோன அந்தப் பதிலின் தொடர்ச்சி.

மசூரி இமயத்தின் அடிவாரத்தில், இன்றைய உத்தராகண்ட் மாநிலத்தில், டெராடூன் பள்ளத்தாக்குக்கு மேலே ஏறத்தாழ இரண்டாயிரம் மீற்றர் உயரத்தில் இருக்கும் மலை நகரம். நமக்கு நுவரெலியா எப்படியோ, வட இந்தியாவின் வெள்ளைக்காரத் துரைமாருக்கு மசூரி அப்படி. கோடை வெயிலைத் தாங்காது மேலேறி வந்தவர்கள் கட்டிய பங்களாக்களும் தேவாலயங்களும் பாடசாலைகளும் நடனசாலைகளும் சேர்ந்து உருவான ஊர். 1900இல் புகையிரதம் டெராடூனை எட்டியதும் பயணிகளின் தொகை பெருகியது. அதைக் கணக்கிற் கொண்டு, லக்னோவில் இருந்த ஐரிஷ் சட்டத்தரணி செசில் லிங்கன் என்பவர் முன்னர் ஒரு பாடசாலை இருந்த காணியை வாங்கிக் கட்டியதே சவோய் ஹோட்டல். 1902இல் திறக்கப்பட்டது. புகையிரத நிலையத்திலிருந்து மேலே நல்ல தெரு இல்லாத காலம். பெரிய பியானோக்களும் பில்லியர்ட் மேசைகளும் சாப்பாட்டு மேசைகளும் மாட்டு வண்டிகளில் ஏறி வந்தன என்கிறார்கள். (பாடசாலை இருந்த காணி என்கிறேன், ஆனால் அங்கே எந்தப் பிள்ளையின் ஆவியும் உலாவுவதாக யாரும் சொன்னதில்லை. எங்கள் தொழிலில் உள்ளவர்களுக்கு அது ஓர் ஆறுதல்.)

நீண்ட விறாந்தைகள், மர வேலைப்பாடுகள், கூர்ங்கோபுர பாணியிலமைந்த முகப்பு, பெரிய நடன மண்டபம் என்பன அந்த ஹோட்டலுக்குப் பெயரைத் தேடிக் கொடுத்தன. அக்காலத்து மசூரியின் நடத்தை பற்றிய கதைகள் பல. 1920களில் அப்பக்கம் வந்த அமெரிக்கப் பயண எழுத்தாளர் லோவெல் தோமஸ், விடியுமுன் மணியடிக்கும் ஹோட்டல் ஒன்றைப் பற்றி எழுதியிருக்கிறார். தொழுபவர்கள் எழுந்து தொழவும், மற்ற அறைகளில் இருப்பவர்கள் தத்தம் அறைக்குத் திரும்பவும் அந்த மணி என்று அவர் நகைச்சுவையாகச் சொல்கிறார். அது சவோயின் மணி என்பதே அங்கு வழங்கும் கதை. ஸுபஹ் பாங்கு கேட்டு எழும் நமக்கு, அந்த மணியின் இரண்டாவது பயன் விளங்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும்.

இனிப் பேய்க் கதைக்கு வருகிறேன். அது சொல்லப்படும் விதம் இதுதான். லேடி கார்னெட் ஓர்ம் என்ற சீமாட்டி அந்த ஹோட்டலில் நஞ்சூட்டிக் கொல்லப்பட்டாள். அறை உட்புறமாகப் பூட்டியிருந்தது. கொலைகாரி அவளுடைய தோழி. கொலையை மெய்ப்பிக்க முடியவில்லை. பிரேத பரிசோதனை செய்த டொக்டரும் சில மாதங்களில் நஞ்சினாலே இறந்துபோனார். அன்றிலிருந்து அந்தச் சீமாட்டி இரவுகளில் விறாந்தையில் நடந்து, தன்னைக் கொன்றது யார் என்று தேடித் திரிகிறாள். நீல ஒளி தெரிகிறது, கதவுகள் தாமாகத் திறக்கின்றன, பெண் குரல் கேட்கிறது என்று தங்கியவர்கள் சொல்கிறார்கள். கதையின் கடைசியில் ஒரு அலங்காரமும் உண்டு. இந்தக் கொலையைக் கேள்விப்பட்டுத்தான் அகதா கிறிஸ்டி தமது முதல் துப்பறியும் நாவலை எழுதினார் என்பார்கள்.

கதையின் முதற்சொல்லே பிழை. அவர் 'லேடி' அல்லர். பிரான்சிஸ் கார்னெட்-ஓர்ம் பட்டம் எதுவுமில்லாத, மணமாகாத, ஐம்பது வயதை நெருங்கிய ஆங்கிலப் பெண். மணமுடிக்க இருந்தவர் திருமணத்துக்கு முன்பே இறந்துவிட்டார். அந்தத் துக்கத்திலிருந்து அவர் மீளவில்லை. இறந்தவர்களோடு பேச முடியும் என்ற நம்பிக்கையில் ஆவி அழைக்கும் அமர்வுகளிலும் பளிங்குப் பந்தில் பார்க்கும் பழக்கத்திலும் ஈடுபட்டார். இதே ஈடுபாடுள்ள லக்னோ வாசியான ஈவா மவுண்ட்ஸ்டீபன் என்ற பெண் அவருக்குத் துணையானார். இருவரும் 1911 கோடையில் சவோயில் தங்கினார்கள். ஈவா முதலில் மலையிறங்கிச் சென்றுவிட்டார். செப்டெம்பரில் ஒரு நாள் ஓர்ம் தமது படுக்கையில் இறந்து கிடந்தார். கதவு உள்ளே பூட்டியிருந்தது. உடலில் புரூசிக் அமிலம் என்ற கடும் நஞ்சு இருந்ததாகப் பரிசோதனையில் கண்டார்கள்.

ஈவா கைதானார். ஓர்ம் வயிற்றுக்காகக் குடிக்கும் சோடியம் பைகாபனேற்றில், அதாவது நம் வீடுகளில் அப்பச்சோடா என்று சொல்கிறோமே அதில், அவர் நஞ்சைக் கலந்துவைத்துவிட்டுப் போனார் என்பதே வழக்கின் சாரம். அவர் அருகில் இருக்க வேண்டியதில்லை, கதவைத் திறக்க வேண்டியதுமில்லை. மருந்துக் குப்பியே காத்திருந்து கொன்றது என்றது அரச தரப்பு. எதிர்த்தரப்போ துக்கத்தினாலும் நோயினாலும் வாடிய பெண் தம்முயிரைத் தாமே போக்கிக்கொண்டார் என்றது. 1912இல் அலஹாபாத் மேல் நீதிமன்றம் ஈவாவை விடுதலை செய்தது.

இங்கே நிறுத்திவிட்டால் நானும் ஒரு பக்கச் சார்பாளனாவேன். ஓர்ம் எழுதிய உயிலின்படி தமக்குச் சேரவேண்டியதை ஈவா கேட்டபோது, இறந்தவரின் சகோதரர் அதை எதிர்த்தார். ஆவி நம்பிக்கையைப் பயன்படுத்தி அந்தப் பெண்ணின் மனதைத் தன்வசப்படுத்தினார் என்ற வாதம் அங்கே எடுபட்டது. உயில் ஏற்கப்படவில்லை. மேன்முறையீட்டிலும் அதே முடிவு. ஆக, ஒரு நீதிமன்றம் கொலைகாரியல்லர் என்று விட்டது. இன்னொரு வழக்கில் சொத்துக்காக ஏமாற்றினார் என்ற சந்தேகம் வென்றது. இரண்டும் உண்மை. பேய்க் கதையில் இரண்டுமே இல்லை. அதில் ஈவா கொலைகாரி மட்டுமே.

இன்னொரு சிறிய விடயம். இந்தக் கதையைச் சொல்பவர்கள் எல்லோரும் மெழுகுதிரி வெளிச்சத்தையும் இருண்ட விறாந்தையையும் வருணிக்கத் தவறுவதில்லை. மசூரிக்கு கலோகி நீர்மின் நிலையத்திலிருந்து 1909இல் மின்சாரம் வந்துவிட்டது. ஓர்ம் இறந்தது அதற்கு இரண்டு ஆண்டுகள் பின்பு. ஆவிக்கு இருட்டு வேண்டியிருப்பதனால் கதை சொல்பவர்கள் விளக்கை அணைத்துவிடுகிறார்கள்.

அகதா கிறிஸ்டி விவகாரத்துக்கு ஓர் அடிப்படை உண்டு. அந்நாளில் இங்கிலாந்தில் வாழ்ந்த ருட்யார்ட் கிப்ளிங் இந்த வழக்கைக் கேள்விப்பட்டு, ஷெர்லொக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கோனன் டொயிலுக்கு இதைப் பற்றிக் கடிதம் எழுதினார். டொயில் கதையாக்கவில்லை. கிறிஸ்டியின் முதல் நாவல் 1920இல் வெளிவந்தது. அதிலும் பூட்டிய அறை, மருந்துப் போத்தல், அருகில் இல்லாத கொலைகாரர் என்பன உண்டு. ஒற்றுமை கண்ணில் படத்தான் செய்கிறது. ஆனால் அந்த நாவலின் நஞ்சு புரூசிக் அமிலமன்று; எட்டிக்கொட்டையிலிருந்து எடுக்கப்படும் ஸ்ரிக்னின். சத்து மருந்துப் போத்தலில் புரோமைட்டுத் தூளைச் சேர்த்தால் ஸ்ரிக்னின் அடியில் படிந்து கடைசி வாயில் ஆளைக் கொல்லும் என்ற நுட்பத்தைக் கிறிஸ்டி மருந்து கலக்கும் நூலொன்றிலிருந்து எடுத்தார். முதலாம் உலக யுத்த காலத்தில் டோர்க்கி நகர வைத்தியசாலையின் மருந்தகத்தில் அவர் வேலை பார்த்தவர். அவருக்கு மசூரி தேவைப்பட்டிருக்க வேண்டும் என்பதில்லை. டொக்டர் ஸ்ரிக்னினால் இறந்தார் என்று மசூரிக் கதையில் வருவது, நாவலிலிருந்து கதைக்குள் திரும்பிப் பாய்ந்த நஞ்சோ என்று எனக்கொரு சந்தேகம். கதைகள் ஒன்றின் கிணற்றில் மற்றொன்று தண்ணீர் அள்ளுவது நாம் அறியாததல்ல.

இரண்டு ஆங்கிலப் பெண்கள் இமயமலையில் உட்கார்ந்து பளிங்குப் பந்தில் இறந்தவர்களைத் தேடியதை அவர்களது தனிப்பட்ட பைத்தியம் என்று தள்ளிவிட இயலாது. 1848இல் அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்துக் கிராமமொன்றில் பொக்ஸ் சகோதரிகள் ஆவிகள் தட்டும் ஒலி கேட்பதாகச் சொன்னதில் தொடங்கிய அலை அது. நாற்பது ஆண்டுகள் கழித்து, 1888இல், அவர்களில் ஒருவர் தங்கள் கால்விரல் மூட்டுகளை நெரித்தே அந்த ஒலியை எழுப்பியதாகப் பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். அதற்குள் அலை உலகெல்லாம் பரவிவிட்டது. நமது நாட்டுக்கும் அதன் ஒரு துளி வந்தது. 1880இல் காலியில் வந்திறங்கிய கேணல் ஒல்கொட்டை நமது பாடநூல்கள் பௌத்த பாடசாலைகளின் தந்தை என்று மட்டுமே அறிமுகஞ்செய்கின்றன. அவர் 1874இல் வெர்மொண்டில் ஒரு பண்ணை வீட்டில் ஆவிகள் தோன்றுகின்றன என்று கேள்விப்பட்டு அதைப் பத்திரிகைக்கு எழுதச் சென்றபோதுதான் பிளவட்ஸ்கி அம்மையாரைச் சந்தித்தார். அந்தச் சந்திப்பிலிருந்தே பிரம்மஞான சபை பிறந்தது. ஒல்கொட் இங்கே பாடசாலை கட்டியதைக் கண்டு நம்மவர்களும் விழித்துக்கொள்ள வேண்டும் என்று சித்திலெப்பை எழுதியும் பேசியும் திரிந்த காலமும் அதுவே. ஆவி தேடிப் போன ஒரு மனிதர், சுற்றிவளைத்து, நமது கல்வி வரலாற்றின் ஓரத்திலும் நிற்கிறார்.

இஸ்லாமிய நம்பிக்கைப்படி இறந்த ஆன்மா விறாந்தையில் உலாவ வழியில்லை. ஸூறா அல்முஃமினூனின் நூறாவது வசனம் கூறும் பர்ஸக் என்ற திரை இரு பக்கத்துக்கும் நடுவே இருக்கிறது. ஜின் என்ற படைப்பை நாம் மறுப்பதில்லை. ஆனால் ஜின் இறந்துபோன ஆங்கிலப் பெண் அல்ல. இதை மாணவர்களுக்குச் சொல்வது எனக்குச் சுலபம். சுலபமில்லாதது வேறொன்று.

எங்கள் ஊரில் வாய்க்காலோரம் 'றூஹானி வளவு' என்று ஒன்று இருந்தது. கூரை விழுந்த கல்வீடு, ஒரு நாவல் மரம், பாழ்ங்கிணறு. அங்கு ஒரு பெண் பிள்ளைப்பேற்றில் இறந்தார் என்றும், மருத்துவிச்சி வேண்டுமென்றே கைவிட்டாள் என்றும், அந்தப் பெண்ணின் றூஹானி மருத்துவிச்சியைத் தேடி வருகிறது என்றும் என் உம்மும்மா சொல்வார். அந்த மருத்துவிச்சி அப்போது கிழவி. நாலு வீடு தள்ளித் தனியே இருந்தார். மஃரிபுக்குப் பிறகு நாங்கள் நாலைந்து பொடியன்கள் அவருடைய தகரக் கூரைக்குக் கல்லெறிந்துவிட்டு ஓடுவோம். "ஆர்றா அது?" என்று உள்ளேயிருந்து குரல் வரும். அதுதான் எங்களுக்கு விளையாட்டு. அவருடைய பேத்திகளுக்கு ஊருக்குள் சம்பந்தம் கிடைக்கவில்லை, வெளியூரில்தான் கட்டிக்கொடுத்தார்கள் என்பதை நான் பெரியவனான பின் அறிந்தேன். பிள்ளைப்பேற்றில் இரத்தப்பெருக்கு ஏற்பட்டால் வைத்தியசாலைக்கு மாட்டு வண்டியில் எட்டு மைல் போகவேண்டியிருந்த காலம் அது என்பதையும், இறந்த பெண்ணின் வாப்பாவே அந்த மருத்துவிச்சிமீது எந்தக் குற்றமும் சொன்னதில்லை என்பதையும் அதற்கும் பிறகுதான் அறிந்தேன். கிழவி அப்போது மௌத்தாகிவிட்டார். ஈவா மவுண்ட்ஸ்டீபன் நல்லவரா கெட்டவரா என்று நான் சான்றிதழ் வழங்க வரவில்லை. ஆனால் நீதிமன்றம் விட்ட ஒருவரைப் பேயின் வாக்குமூலத்தை வைத்து நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தூக்கில் தொங்கவிடுவதைப் படிக்கும்போதெல்லாம் அந்தத் தகரக் கூரையின் சத்தம் என் காதில் விழுகிறது.

சரி, நேருவுக்கு வருவோம். சவோயின் உண்மையான வரலாறு என்று நான் கருதுவது இந்தப் பகுதியையே. 1919 மே மாதத்தில் புதிய அமீர் அமானுல்லா பிரித்தானியருக்கு எதிராகப் போர் தொடுத்தார். மூன்றாம் ஆங்கில - ஆப்கான் யுத்தம் என்று அதைச் சொல்வார்கள். அதே ஆண்டு ஓகஸ்ட் 8இல் ராவல்பிண்டியில் சமாதானம் ஏற்பட்டது. நிரந்தர உடன்படிக்கைக்கு முன்னோடியாகப் பேச்சுவார்த்தை நடத்த ஆப்கான் தூதுக்குழு 1920 ஏப்ரலில் மசூரிக்கு வந்தது. அந்தப் பேச்சுவார்த்தை ஜூலை வரை நீடித்தது. பிரித்தானியத் தரப்பில் சேர் ஹென்றி டொப்ஸ். ஆப்கான் தரப்பில் வெளிநாட்டமைச்சர் மஹ்மூத் தர்ஸி.

தர்ஸியைப் பற்றி இலக்கியச் சஞ்சிகையொன்றில் ஒரு பந்தியாவது எழுதாமல் விடுவது நியாயமன்று. அவர் அரசியல்வாதியாவதற்கு முன் எழுத்தாளர். குடும்பத்தோடு நாடு கடத்தப்பட்டு டமஸ்கஸில் வளர்ந்தவர். துருக்கி மொழி வழியாக ஐரோப்பிய எழுத்தைக் கற்றவர். ஜூல்ஸ் வேர்ணின் நாவல்களைப் பாரசீகத்தில் தந்தவர். காபூலுக்குத் திரும்பி 'ஸிராஜுல் அக்பார்' பத்திரிகையை நடத்தினார். ஆப்கான் பத்திரிகைத் துறையின் தந்தை என்று அவரைச் சொல்வது இதனாலேயே. அந்தப் பத்திரிகையின் முதல் இதழ்கள் வெளிவந்தது 1911 இலையுதிர் காலத்தில். சவோயின் படுக்கையில் ஓர்ம் இறந்து கிடந்த அதே பருவத்தில். நம் சித்திலெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' தொடங்கியதை நினைவிற் கொள்பவர்கள் தர்ஸியைத் தூரத்து உறவினராகவே காண்பார்கள். அவருடைய மகள் ஸுறையா அமானுல்லாவின் மனைவி.

ஆப்கானியருக்கு மசூரி புதிய ஊரல்ல. முதலாம் ஆப்கான் யுத்தத்தில் 1840இல் சரணடைந்த அமீர் தோஸ்த் முஹம்மத் கான் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு மசூரியில் சில காலம் வைக்கப்பட்டார். அவர் இருந்த இடத்துக்குக் காபூல் கோட்டையின் பெயரான பாலா ஹிஸார் என்பதே பெயராயிற்று. 1879இல் பதவியிழந்த அமீர் யாக்கூப் கானும் டெராடூனிலும் மசூரியிலும் நாட்களைக் கழித்து 1923இல் இறந்தார். அதாவது தர்ஸி பேச்சுவார்த்தைக்கு வந்தபோது, முன்னாள் அமீர் ஒருவர் அந்தப் பகுதியிலேயே பிரித்தானியரின் பென்ஷனில் வாழ்ந்துகொண்டிருந்தார். 1883 முதல் 1901 வரை ஒறாபி பாஷாவைக் கொழும்பிலும் கண்டியிலும் வைத்துப் பார்த்த நமக்கு இந்த ஏற்பாடு நன்கு விளங்கும். தோற்ற முஸ்லிம் தலைவர்களைக் காற்றோட்டமான இடங்களில் கௌரவமாகக் காவலில் வைப்பது பிரித்தானியரின் வழக்கம். 1920இல் வந்தவர்களோ தோற்றவர்களாக வரவில்லை. தங்கள் வெளியுறவைத் தாங்களே நடத்தும் நாட்டின் பிரதிநிதிகளாக வந்து அதே மலையில் மேசைக்கு எதிரே உட்கார்ந்தார்கள்.

அந்தக் குழு தங்கியது சவோயில். அதே வேளையில் உடல்நலம் குன்றிய தாயையும் மனைவியையும் அழைத்துக்கொண்டு முப்பது வயது சட்டத்தரணியான ஜவஹர்லால் நேருவும் அங்கு வந்து தங்கினார். தமது சுயசரிதையில் இதை அவரே விவரிக்கிறார். ஆப்கானியர் பொது அறைகளுக்கு வருவதில்லை, தனியாகவே உண்டனர், ஒரு மாத காலமாக அவர்களில் ஒருவரையும் தாம் கண்டதில்லை என்கிறார். ஒரு மாலை பொலிஸ் அத்தியட்சர் வந்தார். ஆப்கான் குழுவோடு எவ்விதத் தொடர்பும் வைக்கமாட்டேன் என்று எழுதித் தருமாறு கேட்டார். தொடர்பு எதுவும் இருக்கவில்லை. வைக்கும் எண்ணமும் இருக்கவில்லை. ஆனாலும் எழுதித் தர நேரு மறுத்தார். இருபத்துநான்கு மணி நேரத்தில் மாவட்டத்தை விட்டு வெளியேறுமாறு கட்டளை வந்தது. நோயாளிகளான பெண்களை விட்டுவிட்டு அவர் மலையிறங்கினார்.

தந்தை மோதிலால் மாகாண ஆளுநரான சேர் ஹார்கோட் பட்லரின் பழைய நண்பர். அவர் கடிதம் எழுதினார். சில நாட்களில் கட்டளை நீக்கப்பட்டது. நேரு திரும்பிவந்து ஹோட்டல் முற்றத்தில் கால்வைத்தபோது முதலிற் கண்ட காட்சி, தமது குழந்தை இந்திராவை ஆப்கான் அமைச்சர் ஒருவர் கையில் தூக்கி வைத்திருந்தது. இரண்டரை வயதுப் பிள்ளை. பத்திரிகையில் விடயத்தை அறிந்த ஆப்கானியர், மகன் இல்லாத அந்தத் தாய்க்கு ஒவ்வொரு நாளும் பழங்களும் பூக்களும் அனுப்பிக்கொண்டிருந்தார்களாம். பழகக்கூடாது என்று அரசாங்கம் போட்ட கட்டளையே பழக்கத்தை ஏற்படுத்திவிட்டது.

ஹிஜ்ரி நாட்காட்டியைப் பின்னோக்கிக் கணக்கிட்டுப் பார்த்தேன். அந்த ஆண்டு றமழான் மே மாதத்தின் பிற்பகுதியில் தொடங்குகிறது. ஜூன் நடுப்பகுதிக்குப் பின் பெருநாள். தூதுக்குழு மசூரியில் இருந்த காலத்துக்குள் நோன்பு முழுவதும் அடங்குகிறது. ஆகவே விடியுமுன் அந்த விறாந்தைகளில் நடந்த காலடிகளில் ஸஹருக்கு எழுந்தவர்களுடையவையும் இருந்திருக்கும். இது எனது ஊகம், நேரு எழுதியதல்ல. லோவெல் தோமஸ் சொன்ன மணிக்கு ஆறேழு ஆண்டுகளுக்கு முன்பே அங்கே தொழுகைக்காக எழுந்தவர்கள் இருந்திருப்பார்கள் என்று எண்ணும்போது எனக்கு ஒரு சந்தோஷம்.

வெளியே அப்போது உலகம் கொதித்துக்கொண்டிருந்தது. உதுமானிய கிலாபத்தைத் துண்டாடும் சமாதான நிபந்தனைகள் அந்த மே மாதத்திலேயே வெளியாயின. இந்தியாவின் கிலாபத் இயக்கத்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். முஸ்லிம் நாடொன்றுக்கு ஹிஜ்றத் செய்வோம் என்று பல்லாயிரக்கணக்கான ஏழை முஸ்லிம்கள் சிந்திலும் எல்லைப்புற மாகாணத்திலும் காணி பூமியை விற்றுவிட்டுக் கைபர் கணவாய் வழியாகப் புறப்பட்டார்கள். வரவேற்போம் என்று முன்னர் சொன்ன அமானுல்லாவின் நாடு அத்தனை பேரைத் தாங்க வலுவற்றது. ஓகஸ்டில் கதவு சாத்தப்பட்டது. திரும்பி வந்தவர்களில் எத்தனையோ பேர் அந்த வழியிலேயே மாண்டு புதைக்கப்பட்டார்கள். அவர்களுடைய ஆவி கைபரில் உலாவுவதாக ஒரு கதையும் எழுதப்படவில்லை. ஏழைகளின் ஆவிகளுக்கு ஹோட்டல் அறை கிடைப்பதில்லை.

மசூரிப் பேச்சுவார்த்தையில் உடன்படிக்கை கைச்சாத்தாகவில்லை. ஒரு குறிப்பாணையுடன் முடிந்தது. ஆனால் அங்கே பேசியவையே 1921 நவம்பர் 22இல் காபூலில் டொப்ஸும் தர்ஸியும் ஒப்பமிட்ட உடன்படிக்கைக்கு வழிசமைத்தன. நேருவின் கதையோ வேறு திசையில் போயிற்று. மலையிலிருந்து விரட்டப்பட்டதனால் அவர் ஜூன் வெயிலில் அலஹாபாத்தில் இருக்க நேர்ந்தது. அப்போது பிரதாப்கர் மாவட்டத்திலிருந்து ஏறத்தாழ இருநூறு விவசாயிகள் ஐம்பது மைல் நடந்து வந்து யமுனைக் கரையில் தங்கியிருந்தார்கள். ராமச்சந்திரா என்பவர் அவர்களுக்குத் தலைவர். நிலச்சொந்தக்காரரின் கொடுமையைச் சொல்லி முறையிட வந்தவர்கள். நேரு அவர்களோடு கிராமங்களுக்குப் போனார். பட்டணத்துப் பணக்கார வீட்டுப் பிள்ளை இந்தியக் கிராமத்தின் பசியை நேரிற் கண்டது அப்போதுதான். மசூரியை விட்டுத் துரத்தியிராவிட்டால் அந்த நாட்களில் தாம் அங்கிருந்திருக்கமாட்டார் என்பதை அவரே ஒப்புக்கொள்கிறார்.

1946இல் சவோய் ஜௌஹர் குடும்பத்தினர் கைக்கு வந்தது. பிற்காலத்தில் பாசி படர்ந்து, அறைகள் பூட்டப்பட்டுக் கிடந்தது. அந்தப் பாழடைந்த ஆண்டுகளில்தான் பேய்க் கதைகள் நன்றாக வளர்ந்தன என்பது என் எண்ணம். வாடகைக்கு ஆள் வராத அறைக்குக் கதை ஆள் கொண்டுவரும். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கைமாறிப் புதுப்பிக்கப்பட்டு மறுபடியும் ஹோட்டலாகிவிட்டது. பேயைப் பார்க்கவென்றே அறை கேட்கிறவர்கள் உண்டாம்.

அடுத்த கிழமை வகுப்பில் இவ்வளவையும் முடிந்தமட்டும் சொன்னேன். ஆப்கான் அமைச்சர் குழந்தையைத் தூக்கி வைத்திருந்த இடம் வந்தபோது பிள்ளைகள் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பேய்க் கேள்வி கேட்ட பையன் கடைசிவரை பேசாமல் இருந்தான். மணி அடித்த பின் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

"சேர், அந்த மத்தப் பொம்பளை, ஈவா... அவ வழக்கு முடிஞ்ச பிறகு எங்க போனா?"

"நீ ஏன் அதைக் கேக்கிறாய்?"

"இல்ல சேர், அவடயும் வீட்டுக்குக் கல்லெறிஞ்சிருப்பாங்கதானே."

கல்லெறிந்த கதையை நான் வகுப்பில் சொல்லியிருக்கவில்லை. அவன் வீடு றூஹானி வளவு இருந்த ஒழுங்கையில்தான் இருக்கிறது.